உன் நோட்டிலிருக்கும் இருபத்தெட்டு பவுண்டு

சாமி,

இந்தக் கடிதத்தைக் குமரவேல் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவன் ஓசூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு வருகிறான். நீ படித்து முடிக்கிற வரைக்கும் உன் வீட்டு வாசலைவிட்டு நகரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஆகவே மேசைமேல் போட்டுவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று நினைக்காதே. பாவம், அவனுக்குத் திரும்பி வர வேண்டிய வேலை இருக்கிறது. போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். நான்கு முறை கூப்பிட்டேன். நான்கு முறையும் நீ எடுத்தவுடன், "சாப்டீங்களாம்மா?" என்கிறாய். சாப்பிட்டேன், நீ சாப்பிட்டாயா, என் மருமகள் வித்யா சாப்பிட்டாளா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். லாரிப் பட்டறையில் இருபத்து மூன்று வருடம் ஆண்பிள்ளைகளோடு சரிக்குச் சரி சண்டை போட்டவளுக்குப் பெற்ற பிள்ளையிடம் ஒரு வாக்கியம் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன். லோடு சீட்டுப் புத்தகத்தின் பின்பக்கம்தான் கிடைத்தது, மன்னித்துக்கொள்.

போன வெள்ளிக்கிழமை நீ பேசியதிலிருந்து ஆரம்பிக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கோயமுத்தூர் ரேஸ் டிராக்குக்குப் போகிறேன் என்றாய். சரி, போகாதே என்று சொன்னால் கேட்கிற வயதா உனக்கு. வித்யாவையும் பக்கத்தில் உட்கார வைத்து இரண்டு சுற்று காட்டப் போகிறேன் என்றாய். அதற்கும் பல்லைக் கடித்துக்கொண்டேன். அதற்கப்புறம்தான் சொன்னாய், "போன தடவ டயருல காத்து பத்தொம்போது பவுண்டு ஏறிருச்சுங்கம்மா. இந்தத் தடவ இருபதுல ஆரம்பிக்கப்போறேன்" என்று. நான் அப்போது அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இருபது பவுண்டு காற்றோடு ஒரு காரை, அதுவும் அந்த வேகத்தில், வித்யாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வளைக்கப் போகிறாய். அந்த இருபதை உன் தலைக்குள் ஏற்றியவள் நான். எப்படி என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

முதலில் என் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எழுத வராது. எங்களுக்குத் தெரிந்து வண்டி என்றால் ஓரிடத்தில் சரக்கை ஏற்றி இன்னோரிடத்தில் இறக்குவதற்கு. நாமக்கல்லில் பிறந்தவன் எவனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். நீ என்னடாவென்றால் பெட்ரோல் போட்டு, ஒன்பது வருடம் பழைய காரை எடுத்துக்கொண்டு, கிளம்பிய இடத்துக்கே சுற்றிச் சுற்றி வருகிறாய். கேட்டால், "வண்டியோட எல்லை எதுன்னு தெரிஞ்சுக்கறதுக்கும்மா" என்கிறாய். கடைக்குப் போகவும் மாமியார் வீட்டுக்குப் போகவும் செய்து விற்ற காருக்கு என்ன எல்லை வேண்டியிருக்கிறது? கெங்கவல்லியில் அவள் அம்மா வீட்டுக்கு வித்யாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வா என்றால் நாலு மாதம் ஆகிறது, டிராக் என்றால் விடிவதற்கு முன் குளித்துவிட்டு நிற்கிறாய். உன் அப்பாவிடம் சொன்னால், "காசு வெச்சு சீட்டாடறானா? குடிக்கறானா? உடு புள்ள" என்கிறார். இந்த வீட்டில் எனக்கென்று பேச ஒரு ஆள் கிடையாது.

மாசி மாதம் நீ இங்கே வந்து தங்கிவிட்டுப் போனாயே, அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் பட்டறையில் காரை நிறுத்திவிட்டு ஒவ்வொரு டயராகக் காற்றை இறக்கிக்கொண்டிருந்தாய். நான் பார்த்துவிட்டு ஓடி வந்தேன். கார்க் கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற சீட்டில் கம்பெனிக்காரனே முப்பத்து மூன்று என்று போட்டிருக்கிறான், நீ எதற்கு இருபத்தெட்டுக்குக் கொண்டுவருகிறாய் என்று கேட்டேன். நீ பொறுமையாகத்தான் சொன்னாய், இல்லையென்று சொல்லவில்லை. "அந்த முப்பத்து மூணு ரோட்டுக்குங்கம்மா. டிராக்ல பிரேக்கு புடிச்சுப் புடிச்சுத் திருப்பறப்ப டயரு கொதிக்கும். டயரு கொதிச்சா உள்ள இருக்கற காத்தும் ஏறும். முப்பத்து மூணுல ஆரம்பிச்சா நாப்பதுல போயி நிக்கும், புடிமானம் போயிரும். இருபத்தெட்டுல ஆரம்பிச்சாத்தான் கொதிச்சதுக்கு அப்புறம் முப்பத்தஞ்சுல நிக்கும். பாலு பொங்கும்னு தெரிஞ்சுதானுங்களே பாத்திரத்துல கொறச்சு ஊத்தறீங்க?" என்றாய். நான், "சரி சாமி, சரி" என்றேன். ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை. உன் கார் தரையில் அமுங்கி உட்கார்ந்திருப்பதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. அளந்து முடித்ததும் உன் நீல நோட்டில் நான்கு டயருக்கும் இருபத்தெட்டு, இருபத்தெட்டு என்று எழுதி வைத்தாய். பரீட்சைக்குப் படிக்கும்போது இந்த அக்கறை இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

என் காது ஏன் அடைத்துப்போனது என்பதையும் சொல்கிறேன். குப்பண்ணனை உனக்குத் தெரியும். நம் முதல் லாரியை ஓட்டியவர், இன்றைக்கும் இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்து பட்டறையில் காபி குடித்துவிட்டுப் போகிறவர். அவர் ராசிபுரத்துக்கு முன்னால் டயர் வெடித்து அடிபட்டது உனக்குத் தெரியும். நீ எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய், ஆஸ்பத்திரிக்கு இளநீர் எடுத்துக்கொண்டு வந்தாய். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அன்று காலை கிளம்பும்போது அவர் என்னிடம் வந்து, "அம்மிணி, முன்னால இடது டயருல காத்து கம்மியாத் தெரியுது. போட்டுட்டுப் போயிரட்டுமா?" என்று கேட்டார். கரண்ட் இல்லை, கம்ப்ரஸர் ஓடவில்லை. மக்காச்சோளம் லோடு, சேலத்தில் இறக்குவதற்கு ஆள் காத்திருந்தார்கள். நான், "ராசிபுரத்துல போட்டுக்குங்கண்ணா, நேரமாச்சு, கெளம்புங்க" என்றேன். ராசிபுரம் என்ன தூரம். ஆனால் பாரத்தோடு காற்றுக் குறைந்த டயர் சூடேறி ராசிபுரம் போய்ச் சேருவதற்குள் வெடித்துவிட்டது. லாரி இடதுபக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் புளியமரத்தில் மோதியது. குப்பண்ணன் இன்றைய தேதி வரை ஒருவரிடமும் நான் சொன்னதைச் சொன்னதில்லை. அவர் சொல்லாமலிருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான்கு வார்த்தை திட்டியிருந்தால் நான் பாட்டுக்கு அழுதுவிட்டுத் தூங்கியிருப்பேன்.

அன்றிலிருந்துதான் அந்த இரும்புக் கம்பி என் கையில் ஏறியது. நம் பட்டறையிலிருந்து எந்த வண்டி கிளம்பினாலும், எலுமிச்சம்பழம் வைப்பதற்கு முன்னால் நான் ஒரு சுற்று வந்து எல்லா டயரையும் கம்பியால் தட்டிப் பார்த்துவிடுவேன். காற்று நிறைந்த டயர் கம்பியைத் திருப்பி எறியும், 'டங்' என்று கேட்கும். குறைந்த டயர் 'தொப்' என்று வாங்கிக்கொள்ளும். டிரைவர்கள் என் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். சிரித்துக்கொள்ளட்டும், அதற்கப்புறம் நம் வண்டி ஒன்றுகூடக் காற்றுக் குறைந்து வெடித்தது கிடையாது. குறைந்த காற்று ஆளைக் கொல்லும், கூடுதல் காற்று யாரையும் கொல்லாது. இதுதான் எனக்குத் தெரிந்த டயர்ப் படிப்பு மொத்தமும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நீயும் வித்யாவும் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். நான் வாசல் தெளித்துவிட்டுப் பட்டறைப் பக்கம் போனேன். கை சும்மா இருக்குமா? கம்பியை எடுத்து உன் கார் டயரைத் தட்டினேன். நான்கும் 'தொப்'. கம்ப்ரஸரைப் போட்டு நான்கு டயருக்கும் காற்று ஏற்றினேன். முப்பத்து மூன்றோடு நிறுத்தியிருக்கலாம். வேகமாகப் போகிற பிள்ளை, கொஞ்சம் கூடவே இருக்கட்டும் என்று நாற்பது வைத்தேன். நாற்பது சாமி, நாற்பது. நம் லாரிக்கு நூற்றுப் பத்து வைக்கிற கைக்கு நாற்பதெல்லாம் ஒரு காற்றாகவே தெரியவில்லை. உன் அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடியே, "ஏம்புள்ள, பையங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுப்போட்டு வெக்கக் கூடாதா?" என்றார். "அவனுக்கு என்னங்க தெரியும்? நீங்க சும்மா இருங்க" என்றேன். அப்புறம் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, நீ அதை நசுக்கிக்கொண்டு கிளம்பும்போது கையசைத்தேன். மனதுக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது தெரியுமா? பிள்ளையைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு இட்லி ஊற்றப் போனேன்.

சாயங்காலம் நீ வந்தது என் கண்ணிலேயே நிற்கிறது. இடது மணிக்கட்டில் கட்டு, காரின் பின்கதவு உள்ளே அமுங்கியிருந்தது. மூன்றாவது சுற்றில் வளைவில் பின்பக்கம் வழுக்கி, கார் தன்னைத்தானே சுற்றி, மண்ணுக்குள் போய் டயர்ச் சுவரில் இடித்தது என்றாய். வண்டியை இழுத்து வந்தவுடன் அளந்தேன், நாற்பத்தேழு காட்டியது என்றாய். "என்ற தப்புதாங்கம்மா. காத்துக் கணக்கு தப்பாப் போச்சு. இந்த டயரு இவ்வளவு ஏறும்னு தெரியாமப் போச்சு" என்றாய். நான் கட்டைப் பிரித்துச் சூடாக இருந்த எண்ணெயை உன் மணிக்கட்டுக்குத் தடவிக்கொண்டிருந்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உன் அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான், "இனிமே இந்தக் கருமத்துக்குப் போகாத" என்று உன்னைத் திட்டினேன். செய்தது நான், திட்டு வாங்கியது நீ. நீயும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டாய். உன் குணம் எனக்குச் சில நேரம் பெரிய இம்சை.

உன்மேல் கோபம் இல்லை என்று நினைத்துவிடாதே, இருக்கிறது. இத்தனை படித்தவன், டிராக்குக்குள் இறங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு தரம் காற்று அளக்கிற கேஜை வைத்துப் பார்த்திருக்கக் கூடாதா? இங்கிருந்து கோயமுத்தூர் வரை ஓட்டிக்கொண்டு போனதில் டயர் சூடாகத்தான் இருந்திருக்கும், சரியான கணக்குத் தெரியாது என்பாய். கணக்கு வேண்டாம், இருபத்தெட்டு இருக்க வேண்டிய இடத்தில் நாற்பதுக்கு மேல் நிற்பதாவது தெரிந்திருக்கும் அல்லவா? கேஸ் அடுப்பை அணைத்தாயா என்று என்னை மூன்று தடவை கேட்கிறவன் நீ. இதை நான் வித்யாவிடம் சத்தம் போட்டுக் கேட்டேன். சித்திரையில் அவள் இங்கே வந்திருந்தபோது. அவள் சொன்னாள், "நானும் ஒரு தடவ அளந்து பாத்துடலாமேன்னு சொன்னேன் அத்தை. அவருதான், எங்கம்மா பட்டறையில நின்ன வண்டி, அதுல யாரு கை வைக்கப்போறாங்கன்னு சொல்லிட்டாரு." அதற்கப்புறம் அவள் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. நான் புடவையை மடிக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நீ இருபது என்று சொன்ன பிறகு நான் செய்யாமல் விட்டதைச் செய்தேன். தொப்பூர் மலைப்பாதை இறங்கி வந்த நம் வண்டியை நிறுத்திச் சூட்டோடு காற்றை அளந்தேன். காலையில் நூற்றுப் பத்து வைத்து அனுப்பியது நூற்று இருபத்தாறு காட்டியது. இத்தனை வருடமாக இது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். சூட்டில் காற்று ஏறும், சூடாக இருக்கும்போது இறக்கக் கூடாது என்று டிரைவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். அதே சமாச்சாரத்தை நீ பாலை வைத்துச் சொன்னபோது, பிள்ளை சொல்கிறான் என்பதாலேயே என் புத்தியில் ஏறவில்லை. பெற்றவர்களுக்கு இப்படி ஒரு கிறுக்குத்தனம் உண்டு. நாளைக்கு உனக்கும் வரும், வரும்போது என்னை நினைத்துக்கொள்.

ஆகவே இதைக் கவனமாகப் படி. உன் டயர் பத்தொன்பது ஏறவில்லை. நாற்பதிலிருந்து நாற்பத்தேழு, ஏறியது ஏழுதான். நீ இருபத்தெட்டு வைத்தாய், அது முப்பத்தைந்தில் நின்றிருக்கும், நீ சொன்ன அதே முப்பத்தைந்து. உன் கணக்கு சரி. அதுதான் எனக்கு ஆத்திர ஆத்திரமாக வருகிறது. சரியாகப் போட்ட கணக்கை நான் கெடுத்து, நீ அதைத் தப்பு என்று எழுதி, அந்தத் தப்பை நம்பி இப்போது நிஜமான தப்புக்குப் போகிறாய். இருபதில் ஆரம்பித்தால் முதல் இரண்டு சுற்றில் டயர் சூடாவதற்கு முன்பே வளைவில் அதன் பக்கவாட்டு மடங்கும். மடங்கினால் டயர் ரிம்மை விட்டு வெளியே வரும். ரிம்மை விட்டு வந்த டயரை நான் பார்த்திருக்கிறேன், நீ பார்க்க வேண்டாம். இருபதை மறந்துவிடு. முந்தைய நாள் ராத்திரி உன் வீட்டில், டயர் குளிர்ந்திருக்கும்போது, கம்பெனி சொன்ன முப்பத்து மூன்று வை. ரோட்டில் அதோடு போ. டிராக்கில் வண்டி ஆறியதும் நீயே இருபத்தெட்டுக்கு இறக்கு. இரண்டு சுற்று ஓட்டிவிட்டு உள்ளே வந்து அள, முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தால் கொஞ்சம் இறக்கு. சூட்டில் இறக்கக் கூடாது என்று சொன்ன நானே சொல்கிறேன், அங்கே அப்படித்தான் என்றால் அப்படியே செய். ஆனால் முடிந்ததும் அந்தக் குறைந்த காற்றோடு ஓசூர் வரை ஓட்டிக்கொண்டு வந்தாயோ, என் வாயில் நல்லது வராது. வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் மறுபடியும் முப்பத்து மூன்று ஏற்று. அது எங்கள் ரோட்டுச் சட்டம், அதில் நான் சொல்வதை நீ கேட்க வேண்டும்.

உன் டிராக் கூட்டாளிகள் குரூப்பில் இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்துப் போடுவதானால் போட்டுக்கொள், எனக்கு வெட்கமில்லை. இருக்கிறது, பரவாயில்லை. அவர்கள் வீட்டிலும் அம்மாக்கள் இருப்பார்கள், கையில் ஒரு பம்பு இருந்தாலும் இருக்கும். தன் காரை வீட்டில் நிறுத்திவிட்டுத் தூங்கியவன் எவனாக இருந்தாலும், டிராக்கில் இறங்குவதற்கு முன்னால் ஒரு தரம் அளந்துகொள்ளட்டும். அன்பாக இருக்கிறவர்கள்தான் கேட்காமல் கை வைப்பார்கள்.

உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "எழுதிட்டயா? எழுதிட்டயா?" என்று நச்சரித்துக்கொண்டிருக்கிறார். மூன்று மாதமாக அவர், "நீ சொல்லிப்போடு புள்ள, இல்லீன்னா நான் சொல்லிப்போடுவேன்" என்று மிரட்டிக்கொண்டே இருந்தார், சொல்லவுமில்லை. நேற்று சாயங்காலம் குப்பண்ணன் வந்தபோது அவரிடமும் பேசினேன். "அண்ணா, அன்னிக்கு நாந்தான் உங்கள அப்படியே போகச் சொன்னேன்" என்றேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே, "அது எனக்குத் தெரியாதா அம்மிணி? நீ எப்பச் சொல்றயோ சொல்லுன்னுதான் இருந்தேன்" என்றார். இத்தனை வருடம் காத்திருந்தாராம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேனே என்று அவர்மேலும் எரிச்சல் வந்தது. எனக்கு நேற்று முழுக்க யார்மேல் எரிச்சல் வரவில்லை என்று யோசித்துப் பார்த்தேன், ஒருவரும் அகப்படவில்லை.

உனக்கு என்மேல் கோபம் வந்தால் வரட்டும். நல்லாத் திட்டு, குப்பண்ணன் மாதிரி வைத்துக்கொண்டு இருக்காதே. கோபம் ஆறாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கழித்துப் பேசு. ஆனால் இந்தக் கடிதத்தைக் கீழே வைப்பதற்கு முன்னால், குமரவேல் வாசலில் நிற்கும்போதே, அந்த நீல நோட்டை எடு. மாசி மாதத்துப் பக்கத்தைத் திற. இருபத்தெட்டு என்று நான்கு இடத்தில் எழுதியிருப்பாய், நான்கையும் அடித்துவிட்டு நாற்பது என்று எழுது. கீழே, 'என் தப்பு' என்று ஏதாவது எழுதி வைத்திருப்பாய், உன்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதையும் அடித்துவிட்டு, அம்மா என்று எழுது.